வயித்துக்குள்ள ஒரு கம்ப்ரஸர்

(இறுதியாண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை நாலு, ஹைக்கூ பத்து, "இளைஞனே எழுந்து வா" ஒன்று கட்டாயம் இருக்கும். அதையெல்லாம் எழுத நம்ம கல்லூரியில் என்னைவிடத் திறமைசாலிகள் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் ஹாஸ்டலில் பாதிப் பேர் ராத்திரி அனுபவிக்கிற ஒரு சமாச்சாரம். வயிற்று உப்புசம், வாயு, பொருமல். நம்ம பாஷையில் 'கேஸ் டிரபிள்'. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். கட்டுரையின் பாதிக்கு மேல் சிரிப்பு வராது.

நான் சேந்தமங்கலம் பக்கத்துக்காரன். கொல்லிமலை அடிவாரம். முதலாண்டில் திருச்செங்கோடு வந்து ஹாஸ்டலில் சேர்ந்த இரண்டாவது மாதமே வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் அவசரப் பொங்கல், மத்தியானம் ஊறாத கொண்டைக்கடலைக் குழம்பு, ராத்திரி பரோட்டா. நடுவில் டிராயிங் ஹாலில் மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் 'ஐசோமெட்ரிக் வியூ'. அரை வயிறு சாப்பிட்டாலும் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தணும். பெல்ட் ஓட்டையை வைத்தே எங்க ரூமில் மெனு சொல்லிவிடுவார்கள்!

இந்த ஊரில் என் மாமா ஒருத்தர் இருக்கிறார். அம்மாவின் தம்பி. ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் ஏது? மாமாவும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அம்மாயி அவர் கூடத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் அங்கேதான். என் வயிற்றைப் பார்த்துவிட்டு அம்மாயி சொன்ன முதல் வார்த்தை, "ஏஞ்சாமி, காத்தக் குடிச்சிட்டு வந்துட்டியா?" என்பதுதான்.

அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அது சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கிற உண்மை. வயிற்றில் வாயு வருகிற வழி முக்கியமாக இரண்டு. ஒன்று, நாம் விழுங்குகிற காற்று. அவசரமாகத் தின்றால், பேசிக்கொண்டே தின்றால், பபுள்கம் மென்றால், பீடி சிகரெட் இழுத்தால் காற்று உள்ளே போகும். இரண்டாவது, பெருங்குடலில் பாக்டீரியாக்கள் தயாரிக்கிற வாயு. பருப்பு, பயறு, கடலை வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி மனிதக் குடலில் கிடையாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனதும் அங்கே பாக்டீரியாக்களுக்கு விருந்து. அந்த விருந்தின் மிச்சம்தான் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை வாயு வெளியேறும். இதில் வாசனை அடிப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கந்தகச் சேர்மங்கள். ஆக, வாயு இருப்பது வியாதி அல்ல. போகிற வழி தடைப்படுவதும், வயிறு அதைத் தாங்க மாட்டாமல் வலிப்பதும்தான் தொல்லை.

மாமா இதை அவர் பாணியில் விளக்குவார். "மாப்ள, ரிக்ல என்ன பண்றோம்? கம்ப்ரஸர் காத்து ராடு வழியா உள்ள போயி ஹேமரை அடிக்குது. அதே காத்து கல்லுத் தூளைத் தூக்கிக்கிட்டு மேல வருது. வர்ற வழி அடைச்சா ராடு மாட்டிக்கும். வயிறும் அப்படித்தான்." மூன்று வருஷம் படித்த நமக்கு இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?

மாமா வீட்டுத் தெருக்கோடியில் ஒரு வைத்தியர் இருக்கிறார். ஆயுர்வேதம் முறையாகப் படித்து, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மாயி என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனது. மருந்து கேட்கப் போன எனக்கு அவர் முதலில் வகுப்புத்தான் எடுத்தார்.

உடம்பில் அசைவு எல்லாம் வாதத்தின் வேலை என்பது ஆயுர்வேதம். அந்த வாதம் ஐந்து வகை. வயிற்றில் அடுப்பை ஊதிவிடுவது சமான வாயு, கீழ்நோக்கி வெளியேற்றுவது அபான வாயு. வயிற்றுத் தீக்கு 'அக்கினி' என்று பெயர். அது நாலு விதமாக எரியும். சரியாக எரிந்தால் சமாக்கினி. ஒரு நாள் எரிந்து ஒரு நாள் அணைந்தால் விஷமாக்கினி, வாயுக்காரர்களுக்கு இதுதான். மந்தமாக எரிந்தால் மந்தாக்கினி. தாறுமாறாக எரித்தால் தீக்ஷ்ணாக்கினி. நெஞ்செரிச்சல், புளியேப்பம் ஆசாமிகள். "பாய்லர்ல தீ எப்படி எரியுதுன்னு பாக்காம நிலக்கரி கொட்டுவியா? மருந்தும் அப்படித்தான் தம்பி. வாயுன்னு வர்ற எல்லாத்துக்கும் ஒரே பொடி கிடையாது" என்றார்.

எனக்கு அவர் எழுதிக் கொடுத்தது அஷ்ட சூர்ணம். வடமொழியில் ஹிங்வாஷ்டகம். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் இருக்கிற பழைய யோகம். எட்டுச் சரக்கு: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம். சாப்பாட்டின் முதல் கவளத்தில் நெய் விட்டு இந்தப் பொடியைப் பிசைந்து சாப்பிடணும். சாப்பிட்ட பிறகு தவிக்கும்போது அல்ல, சாப்பிடத் தொடங்கும்போதே! மேட்சுக்கு முன்னாடி வார்ம்-அப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்த வைத்தியத்திலும் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகு. அதோடு ஏலமும் சீரகமும் சேர்ந்தால் பஞ்ச தீபாக்கினி சூரணம்.

அந்த எட்டுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம்ம வெண்பொங்கலில் என்ன இருக்கிறது? இஞ்சி, மிளகு, சீரகம், பெருங்காயம், உப்பு, மேலே நெய். இஞ்சி காய்ந்தால் சுக்கு. எட்டில் ஐந்து பொங்கலிலேயே வந்துவிட்டது! சமைத்த ஆத்தாமார்கள் யாரும் வாக்படரைப் படித்திருக்க மாட்டார்கள். பாசிப்பருப்பு வாயு பண்ணும், அதற்கு மாற்று கூடவே போகணும் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். கொள்ளு ரசத்தில் பூண்டும் மிளகும், தட்டப்பயறுக் குழம்பில் பெருங்காயமும், குச்சிக்கிழங்கை வேகவைத்து இஞ்சி போட்டுத் தாளிப்பதும் அதே கணக்குத்தான். "அப்படின்னா பொங்கல் தின்னுட்டு ஏங்க எனக்கு உப்புது?" என்று வைத்தியரிடம் கேட்டேன். "எத்தனை கரண்டி?" என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல மாட்டீர்கள்!

பெருங்காயத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. நம்ம சாம்பாரின் உயிர் என்கிறோம். ஆனால் அது நம்ம நாட்டுச் சரக்கே அல்ல. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் குளிர்ப் பாலைவனத்தில் வளரும் ஃபெருலா என்ற செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால்தான் பெருங்காயம். காலங்காலமாக இறக்குமதி. 2020 அக்டோபரில்தான் பாலம்பூரில் இருக்கிற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள். கடையில் டப்பாவில் வாங்குவது சுத்தப் பெருங்காயம் அல்ல, கோதுமை மாவோ அரிசி மாவோ பிசினோ சேர்த்த கூட்டுப் பெருங்காயம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவில் அச்சடித்ததைப் படித்துவிட்டு வாங்கணும். இதற்கு நேர்மாறு மிளகு. அது எங்க கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் கொடியேறிக் காய்க்கிறது. ஈரானும் கொல்லிமலையும் ஒரே ரசத்தில் சந்திக்கின்றன, பாருங்கள்!

இதெல்லாம் சரி, வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். டிப்ளமோ படிக்கிறவன் கேட்கத்தான் வேண்டும். ஓம எண்ணெயின் முக்கியச் சரக்கு தைமால். கிருமியை அடக்கும், குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்குகிறது என்று சிறிய ஆய்வுகள் உண்டு. புதினா வகை எண்ணெயைக் குடல் பிடிப்புக்கு ஆங்கில வைத்தியமே மாத்திரையாகக் கொடுக்கிறது. ஆனால் எட்டையும் சேர்த்த சூர்ணத்துக்கு ஆங்கில மருந்துக்குச் செய்கிற அளவு பெரிய சோதனைகள் நடந்ததில்லை. எனக்கு மூன்று வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது. சூர்ணமா, கூடவே வைத்தியர் சொன்ன பழக்கங்களா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் மீட்டர் இல்லை. அல்சர், நெஞ்செரிச்சல் இருக்கிறவர்களுக்கு மிளகும் திப்பிலியும் எரிகிற தீயில் பெட்ரோல். ரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்புக் கணக்கு உண்டு. ஆகவே பக்கத்து ரூம்காரன் கொடுத்தான் என்று வாங்கி விழுங்காதீர்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

சோடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயு என்றதும் நம்ம ஊரில் கை தானாகக் கோலி சோடாவுக்குப் போகும். குடித்ததும் 'ஏவ்' என்று ஒரு ஏப்பம். ஆகா, வாயு போச்சு! நண்பர்களே, யோசியுங்கள். சோடா என்பதே தண்ணீரில் அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்சைடு. வெளியே வந்தது பெரும்பாலும் அந்த பாட்டிலில் இருந்த வாயு. காசு கொடுத்து வாங்கி, ஏப்பமாக விட்டு, நிம்மதி என்கிறோம்.

இப்போது சிரிப்பு வராத பகுதிக்கு வருகிறேன்.

போன வைகாசி விசாகத் தேர்த் திருவிழா சமயம். மாமா லீவில் வந்திருந்தார். வயது 46. ராத்திரி எட்டரை மணி இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவினவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கு என்றார். சட்டை முழுக்க வியர்வை. "மத்தியானம் தின்ன கடலை, வாயு புடிச்சிருச்சு" என்று அத்தை சொன்னது. அம்மாயி ஓமத்தண்ணி காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் நீவிவிட்டார். "கண்ணு, ஓடிப் போயி ஒரு சோடா வாங்கியா" என்று என்னை அனுப்பினார்கள்.

ஓடினேன். தெருக்கோடியில் வைத்தியர் திண்ணையில் இருந்தார்.

"யாருக்கு சோடா, இப்படி ஓடறே?"

"மாமாவுக்குங்க. நெஞ்சுல வாயு புடிச்சிருச்சுங்க."

"வேர்த்திருக்கா?"

"சட்டையே நனைஞ்சிருச்சுங்க."

"கை, தோள்பட்டை, தாடை எங்காச்சும் இழுக்குதுங்கறானா?"

"இடது தோளுங்க..."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு என்னோடு நடந்தார். மாமாவின் கையை ஒரு அரை நிமிடம் பிடித்துப் பார்த்தார். ஓமத்தண்ணியோடு வந்த அம்மாயியைப் பார்த்து, "வேண்டாமுங்க ஆத்தா. இது எம் பொட்டில இருக்கிற மருந்துக்கு அடங்கற வாயு இல்லீங்க. 108-க்குப் போன் போடு தம்பி. அவன நடக்க விடாதீங்க" என்றார்.

ஆம்புலன்ஸில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. முதலுதவி கொடுத்து ஈரோட்டுக்குக் கொண்டு போனார்கள். சுமார் 20 கிலோமீட்டர் தூரம். மாமாவின் தலையை மடியில் வைத்திருந்த அத்தைக்கு அது 200 கிலோமீட்டர். அன்று ராத்திரியே ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். "ஒரு மணி நேரம் தள்ளி வந்திருந்தா கஷ்டம்" என்று டாக்டர் சொன்னார். மாமா இன்றைக்கு இருக்கிறார். பீடியை விட்டுவிட்டார். ரிக் வண்டி வேலை இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறார். வருமானம் பாதி. ஆனால் தினமும் ராத்திரி வீட்டுச் சாப்பாடு.

பிறகு ஒரு நாள் வைத்தியரிடம், "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நெஞ்சுக்கும் மேல் வயித்துக்கும் போற நரம்புங்க முதுகுத் தண்டுல கிட்டக்கிட்டதான் போய்ச் சேருது. அதனால மாரடைப்பு வலி சில பேருக்கு வயித்து வலியாவே தெரியும். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு வலியே இல்லாமக்கூட வரும். வாயு வலி இடம் மாறும், ஏப்பம் விட்டா, வெளிக்குப் போனா குறையும். ஆனா அதை வச்சு நெஞ்சு வலிய வாயுன்னு முடிவு பண்ணப்படாது. ஈ.சி.ஜி. பாத்தப்புறம் வாயுன்னு சொல்லு. நான் உட்கார்ந்து சூர்ணம் கலக்கித் தர்றேன்."

தமிழ்நாட்டில் 2008-இல் 108 வந்தது. 2023-இல் 'இதயம் காப்போம்' என்ற திட்டம் வந்தது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் முதலான முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் திட்டம் அது. எத்தனை திட்டம் வந்தாலும், வீட்டில் சோடா வாங்க ஆள் அனுப்புகிற அந்த அரை மணி நேரத்தை எந்தச் சர்க்காரும் நமக்குத் திருப்பித் தர முடியாது.

இதை நான் வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர்கள் கைக்கு எட்டினதைச் செய்தார்கள். நம்ம ஜனங்களுக்கு 'வாயு' என்ற சொல் ஒரு பெரிய கோணிப்பை. முதுகுப் பிடிப்பு, மூட்டு வலி, நெஞ்சு வலி, தலை சுற்றல் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூட்டை கட்டிவிடுகிறோம். ஆயுர்வேதமும் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் நான் தெரிந்துகொண்டது. வகை பிரி, தீயைப் பார், பிறகு மருந்து கொடு என்றுதான் அது சொல்கிறது.

இன்னும் சில அறிகுறிகளும் உண்டு. உப்புசத்தோடு எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், விழுங்கும்போது அடைத்தால், வாந்தி நிற்காமல் போனால் சூர்ணம் தேடாமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் வீட்டு அம்மாவுக்கோ அம்மாயிக்கோ வாரக்கணக்கில் வயிறு உப்பியே இருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தாலும் நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்கள். சினைப்பைக் கட்டிகூட அப்படித்தான் ஆரம்பிக்கும்.

மற்றபடி நமக்கு, அதாவது இருபது வயசு ஹாஸ்டல் வயிறுகளுக்கு, வைத்தியர் சொன்னதில் எனக்குப் பலித்தவை இவை:

இரைப்பையை நாலு பங்காக நினைத்துக்கொள்ளணும். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு காலி. இது வாக்படர் கணக்கு. முன் சாப்பிட்டது செரித்த பிறகே அடுத்த சாப்பாடு. இது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொன்னது.

சாப்பிட்டதும் கட்டிலில் விழாமல் நூறு அடி நடக்கணும். மெஸ்ஸில் இருந்து வொர்க்‌ஷாப் வரை போனாலே போதும்.

பால் குடித்தால் மட்டும் உப்புகிறதா? ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். குறைந்தால் பால் சர்க்கரை உங்களுக்குச் செரிக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

சரகர் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதின்மூன்றைச் சொல்கிறார். தும்மல், கொட்டாவி, ஏப்பம், பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் வரும். அபான வாயுவும் வரும். ஆகவே வகுப்பு நடுவில் ஒருத்தன் வெளியே போக அனுமதி கேட்டால் பேராசிரியர் பெருமக்கள் சரகரை நினைத்துப் பெரிய மனது பண்ண வேண்டும் என்று மாணவர் பேரவை சார்பில் கேட்டுக்கொள்கிறேன்!

கடைசியாக ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் மெஸ் கமிட்டியில் ஒரு வேண்டுகோள் வைத்தோம். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைப்பது. தொல்லை தரும் சர்க்கரையில் ஒரு பகுதி ஊறின தண்ணீரோடே போய்விடும். "தம்பிகளா, சத்தும் சேந்து போயிருமே" என்று மாஸ்டர் அண்ணன் முதலில் தயங்கினார். கொஞ்சம் போகும்தான், ஆனால் தூக்கம் வரும் என்றோம். இப்போது புதன்கிழமை ராத்திரிகளில் எங்கள் பிளாக் அமைதியாக இருக்கிறது.

நம்ம மலை மேல் இருக்கிற சாமி பாதி ஆண், பாதி பெண். இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பு. வைத்தியத்திலும் அம்மாயியின் அஞ்சறைப் பெட்டி பாதி, ஆம்புலன்ஸின் ஈ.சி.ஜி. மெஷின் பாதி என்று இருக்கலாம். தப்பில்லை. ஆனால் எந்த நேரத்துக்கு எந்தப் பாதி என்று தெரிந்திருக்கணும். கடலை தின்ற வயிறு பொருமினால் ஓமத்தண்ணி. நெஞ்சு அழுத்தி வேர்த்தால் 108. லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்த ஒரு வரியை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள் நண்பர்களே.